குவியல் அள்ளப்பட்டது

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. முழங்கால் இரண்டும் எனக்கு முன்னாலேயே ஓய்வு வாங்கிக்கொண்டன. கோவில்பட்டியில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறேன். கீழே இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். இப்படிக் கிடந்தவனுக்குப் போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசியது அங்கே புதிதாக வந்திருக்கும் சுகாதார ஆய்வாளரம்மா.

"ஐயா, எட்டுப் பேர் புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. ரோட்டோரம், பூங்கா எல்லாம் முன்னாடி எப்படிப் பராமரிச்சீங்கன்னு ஒரு மணி நேரம் வந்து சொல்லிட்டுப் போங்களேன். கழுகுமலை ரோட்டுல புல்லை எடுத்துட்டு பேவர் பிளாக் பதிக்கிறோம். அதையும் பார்க்கலாம்."

வருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. புல்லை எடுக்கிறார்களே என்ற வருத்தம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் குனிந்து அதைப் பிடுங்கியவனுக்குப் புல்லின் மேல் என்ன பாசம் இருக்கப் போகிறது? அந்த ரோட்டோரத்தில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை அதுவரை நானாக யாரிடமும் சொன்னதில்லை.

நான் வேலை பார்த்த பேரூராட்சியின் பெயர் இங்கே வேண்டாம். கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். சுற்றிலும் கரிசல். நாலைந்து தீப்பெட்டி ஆபீஸ், ஒரு பூங்கா, கழுகுமலைக்குப் போகும் ரோடு. இவ்வளவுதான் ஊர். நான் பிறந்தது பசுவந்தனைப் பக்கம். மழை பொய்த்த ஒரு வருடத்தில் மம்பட்டியோடு வந்து தினக்கூலியாகச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் இரண்டு வருடம் சாக்கடை. அதன் பிறகு ரோட்டோரத்துக்கும் பூங்காவுக்கும் மாற்றினார்கள். இருபது வருடம் அதே தினக்கூலிதான். இந்த வருடம் நிரந்தரம் ஆகிவிடும், அடுத்த வருடம் ஆகிவிடும் என்று என் பெண்டாட்டி வேண்டுதல் வைத்தே ஊர்க் கோயிலெல்லாம் சுற்றிவிட்டாள்.

எங்களுக்கு மேலே இருந்தவர் பொன்னையா சார். சுகாதார ஆய்வாளர். மழையே இல்லாத எங்கள் ஊரில் வருடம் முழுவதும் குடையோடு நடப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரே கேள்வியை மூன்று தடவை, ஒரே குரலில் கேட்பார். முதல் தடவை வாயில் வந்ததைச் சொல்வோம். இரண்டாவது தடவை சமாளிப்போம். மூன்றாவது தடவை உண்மை வந்துவிடும். எந்த உத்தரவையும் அவர் எழுத்தில் தரமாட்டார். வாயால்தான் சொல்வார். எழுத வேண்டியது வந்தால் பேப்பரை நம் பக்கம் தள்ளி, "நீயே எழுதுய்யா" என்பார்.

கரிசல் மண் எப்படிப்பட்டது என்பதை நான் உள்ளூரில் பிறந்தும் சரியாகப் படித்தது பூங்காவில்தான். யாரோ பெரிய மனிதர்கள் ஆசைப்பட்டு வெளியூரிலிருந்து பாய் பாயாகப் புல் கொண்டுவந்து கரிசல் மேல் அப்படியே விரித்தார்கள். தை வரைக்கும் பச்சையாக இருந்தது. பங்குனியில் மண் வெடித்தபோது புல்லும் சேர்ந்து கிழிந்தது. பார்க்க வந்த ஒரு கவுன்சிலரின் கால் கணுக்கால் வரை வெடிப்பில் போய், செருப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. அதை எடுக்க நான் படுத்துக் கையை விட வேண்டியிருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மூன்று டேங்கர் ஊற்றினோம். அவ்வளவும் போன இடம் தெரியவில்லை.

பொன்னையா சார் வந்தார். குடையை மடக்கி ஒரு வெடிப்பில் இறக்கினார். கைப்பிடி வரை போனது.

"தண்ணி எங்க போவுதுன்னு பாத்தியா?" என்றார். மூன்று தடவை கேட்டார்.

"பாக்கல சார்" என்றேன்.

பிறகு அந்தத் தரையையே கொத்தி, வெடிப்பையெல்லாம் மூடி, மேலே ஒரு சாண் செம்மண் போட்டுப் புல் வைத்தோம். ஓரளவு நின்றது. அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றும் முன் கம்பியை விட்டு வெடிப்பைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தண்ணீருக்கு மட்டும்தான் அந்தப் பழக்கம். அந்தப் புத்தியை நான் வேறு எதற்கும் நீட்டிப் பார்க்கவில்லை.

ரோட்டோர வேலைக்கு ஒரு வரிசை உண்டு. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு புல் முழங்கால் உயரம் வந்துவிடும். முதலில் நடந்து போய் பாட்டில் ஓடு, கம்பி, பாலிதீன் பை எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். அடுத்தது பார்த்தீனியம். பூ விடுவதற்கு முன்னால் வேரோடு பிடுங்க வேண்டும். கையில் பழைய காலுறையை மாட்டிக்கொள்வோம். அப்படியும் ராத்திரி முழுக்க அரிக்கும். அதன் பிறகு சீமைக்கருவேலங் கன்று. அதை மேலாக வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும் என்பதால் தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு மிஞ்சுவது புல். ஆறு பேர் பன்னருவாளோடு அறுத்தால் கழுகுமலை ரோடு மட்டும் ஒரு மாதம் இழுக்கும்.

அந்தப் புல்லை நாங்கள் அறுத்ததில்லை. குருசாமியின் ஆடுகள் மேய்ந்தன.

குருசாமி ஆடு மேய்க்கிற குடும்பம். ரோட்டை ஒட்டி வீடு. வீட்டுக்குப் பக்கத்தில், கோடைத் தீவனத்துக்கு அடுக்கி வைத்த சோளத்தட்டைப் படப்பு. அவர், அவர் பெண்டாட்டி மாடத்தி, அவர் தம்பி அய்யாத்துரை. அய்யாத்துரை சின்ன வயதிலேயே தாயை இழந்தவன். மதினி மாடத்தி கையில் சோறு தின்று வளர்ந்தவன். முப்பது வயதாகியும் வீட்டில் எதைச் செய்தாலும் "மதினிட்டக் கேக்கணும்" என்பான். நாங்கள் ஓடும் முள்ளும் பொறுக்கி முடித்த இடத்தைக் காட்டினால் அவர்கள் செம்மறியை விடுவார்கள். தையிலிருந்து பங்குனி வரைக்கும் அவை மிஷின் மாதிரி ஒட்ட மேய்ந்துவிடும். எங்களுக்கு இடுப்பு மிச்சம். அவர்களுக்குத் தீவனம் மிச்சம். படப்பைத் தொடாமல் சித்திரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆபீஸ் அறிக்கையில் 'புல் அகற்றப்பட்டது' என்று இருக்கும். ஆடு என்ற சொல்லே அதில் வராது. பொன்னையா சாருக்கு இது தெரியும். ஆட்டு மந்தை வரும்போது அவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போய்விடுவார். அவர் கொடுத்த அனுமதி அதுதான். நான் அந்த இடத்தில் இருக்கும் வரைக்கும்தான் அந்த ஏற்பாடு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேறு ஒருவன் வந்தால் ஆட்டை விரட்டி அடிப்பான்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பங்குனி கடைசி. என் நிரந்தர உத்தரவுக்கான பேப்பர் மேலே போயிருந்தது. அந்த மாதம் வந்துவிடும் என்று ஆபீஸில் சொன்னார்கள். அப்போது மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி மறுநாள் அந்த ரோடு வழியாகப் போகிறார் என்று தகவல் வந்தது. ரோட்டோரத்தில் பிடுங்கிப் போட்ட பார்த்தீனியமும் கருவேலமும் காய்ந்து குவியல் குவியலாகக் கிடந்தன. அள்ளுகிற டிராக்டர் தண்ணீர் ஓட்டப் போயிருந்தது.

பொன்னையா சார் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல அந்த ரோட்டுல ஒரு குவியல் இருக்கப்படாது."

"டிராக்டர் இல்ல சார்."

"இருக்கப்படாதுய்யா" என்றார். எரி என்று சொல்லவில்லை. எரிக்காதே என்றும் சொல்லவில்லை. குப்பையை எரிக்கக் கூடாது என்ற சுற்றறிக்கை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் நின்றுதான் பேசினோம்.

சாயங்காலம் நாலு மணிக்கு, சின்னக் குவியல்களையெல்லாம் இழுத்து ஒரே குவியலாக்கித் தீ வைத்தேன். குருசாமி வீட்டுக்கு இருபது முப்பது அடி தள்ளித்தான் வைத்தேன். காற்று எதிர்ப் பக்கம் அடிக்கிறதா என்று பார்த்துத்தான் வைத்தேன். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். சாம்பலான பிறகு நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன். மம்பட்டியால் மண் இழுத்து மூடினேன். மேலே கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. இத்தனையும் முறையாகச் செய்தவன் தரையைப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் வருடக்கணக்காக ஆடுகள் மத்தியான வெயிலுக்குப் படுக்கும். கை அகல வெடிப்பு. அதற்குள் சருகும் ஆட்டுப் புழுக்கையும் விழுந்து விழுந்து நிறைந்திருக்கும். புழுக்கையில் ஒரு தணல் விழுந்தால் சுடர் வராது, சத்தம் வராது, நாள் முழுக்கப் புகைந்துகொண்டே நகரும். கொசுவுக்குப் புழுக்கை மூட்டம் போடுகிற வீட்டில் பிறந்தவன் நான். எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது.

மறுநாள் பெரிய அதிகாரியின் கார் பத்து மணிக்கு நிற்காமல் போனது. கண்ணாடி ஏற்றியிருந்தது. அவர் இந்தப் பக்கம் பார்த்தாரா என்றுகூடத் தெரியாது. பன்னிரண்டு மணிக்குக் காற்று கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் குருசாமியின் படப்பு எரிகிறது என்று ஆள் ஓடிவந்து சொன்னான்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஊர்க்காரர்கள் வீட்டுக் கூரை மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆடுகள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கத்திக்கொண்டு நின்றன. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று நாலு மாதத் தீவனம் அது. குருசாமி தரையில் உட்கார்ந்து கரியைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அடியில் நாலு தட்டையாவது இருக்காதா என்று பார்த்திருப்பார்.

மாடத்தி அய்யாத்துரையின் முன்னால் நின்றாள்.

"காலைல படப்பு நெழல்ல ஒக்காந்து பீடி குடிச்சியாலே?"

"குடிச்சேன் மதினி."

"எங்கன போட்ட?"

"அணைச்சிட்டுத்தான் போட்டேன்."

"என் கண்ணு மேல சத்தியம் பண்ணு."

"ஒங்க கண்ணு மேல சத்தியமா அணைச்சிட்டுத்தான் மதினி போட்டேன்."

அவள் அவனை அடித்தாள். பிறகு தன் வாயிலேயே அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குருசாமி தலையைத் தூக்கவே இல்லை. முந்தின நாளே அணைத்து மண் மூடிய குவியலை யாரும் நினைக்கவில்லை.

நான் மெதுவாகப் படப்பின் ஓரம் நடந்தேன். நான் குவியல் வைத்த இடத்திலிருந்து ஒரு வெடிப்பு வளைந்து வளைந்து படப்பின் அடிக்கே வந்திருந்தது. அதன் இரண்டு உதடும் வெள்ளையாகச் சாம்பல் பூத்துக் கிடந்தன. குனிந்து கையை நீட்டினேன். உள்ளே இன்னும் சூடு இருந்தது. நிமிர்ந்தபோது அய்யாத்துரை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கரியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தால் என் உத்தரவு போய்விடும் என்ற ஒரே நினைப்புதான் மனதில் ஓடியது. இருபது வருடம் காத்திருந்தவனின் பயம் அது. அதை நியாயம் என்று சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

சாயங்காலம் பொன்னையா சார் கூப்பிட்டார்.

"அந்தக் குவியலையெல்லாம் என்னய்யா செஞ்ச?"

"அள்ளிட்டோம் சார்."

"அந்தக் குவியலையெல்லாம் என்னய்யா செஞ்ச?"

"டிராக்டர் இல்லல்லா சார். ஓரமா..."

"அந்தக் குவியலையெல்லாம் என்னய்யா செஞ்ச?"

"எரிச்சேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். எனக்கு அவர் முகம் அன்றைக்குத்தான் வயதானதாகத் தெரிந்தது. பிறகு ஒரு வெள்ளைப் பேப்பரை என் பக்கம் தள்ளினார். "நீயே எழுதுய்யா."

"என்னன்னு எழுத சார்?"

"குவியல் அள்ளப்பட்டதுன்னு எழுது. மொதல்ல நீ சொன்னதுதான."

எழுதினேன். என் எழுத்து எப்போதும் கோணலாக இருக்கும். அன்றைக்கு நேராக வந்தது. அவர் என்னைக் காப்பாற்றினாரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா என்று பல வருடம் யோசித்தேன். இப்போது யோசிப்பதில்லை. பேப்பரில் இருப்பது என் கையெழுத்துதான். பத்து நாள் கழித்து என் உத்தரவு வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அதே வாரம் அய்யாத்துரை வீட்டை விட்டுப் போனான். குருசாமி பாதி ஆடுகளை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டினார். மிச்சம் பாதி, ரோட்டோரத்தில் மேய்ந்தது போக மிஞ்சிய காய்ந்த புல்லிலும் கோடை மழைக்கு முளைத்த பச்சையிலும் உயிர் பிழைத்தன. நான் இருந்த வரைக்கும் அவர் ஆட்டைத் தடுத்ததில்லை. பொறுக்கி முடித்த நல்ல இடமாகப் பார்த்துக் காட்டுவேன். பூங்காவில் வெட்டின புல்லைக் கட்டாகக் கட்டி சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுவேன். குருசாமி ஒவ்வொரு தடவையும் கையெடுத்துக் கும்பிடுவார். "சொந்தத் தம்பி செய்யாதத நீங்க செய்யுதீங்க அண்ணாச்சி" என்று ஒரு தடவை சொன்னார். அதன் பிறகு கட்டை வாசலில் போட்டுவிட்டு நிற்காமல் வந்துவிடுவேன்.

மேற்பார்வையாளர் ஆன பிறகு என் ஆட்களை ஒரு நாளும் எரிக்கவிடவில்லை. டிராக்டர் வராவிட்டால் குவியல் கிடக்கட்டும், நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன் என்பேன். கையில் எப்போதும் ஒரு கம்பி வைத்துக்கொண்டு வெடிப்பு வெடிப்பாகக் குத்திப் பார்ப்பேன். ஆட்கள் எனக்கு 'வெடிப்பு மேஸ்திரி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். "அண்ணாச்சி, உள்ள பொதையலா இருக்கு?" என்று கேட்பார்கள். நானும் சிரிப்பேன். அப்படியே பதினாறு வருடத்தை ஓட்டினேன்.

போன மாதம் நான் போய்ப் பேசியது அந்த ரோட்டில் வைத்துத்தான். புது ஆட்கள் எட்டுப் பேரும் நல்ல பிள்ளைகள். கையுறையும் பூட்ஸும் போட்டிருந்தார்கள். பார்த்தீனியம், கருவேலம், செம்மண் என்று எல்லாம் சொன்னேன். ஒரு பெண் கேட்டாள், "குப்பைய எரிக்கக் கூடாதுன்னு சொல்லுதீங்களே ஐயா, ஏன்?"

"சுற்றறிக்கை இருக்கும்மா" என்றேன்.

சொல்லிவிட்டு எனக்கே சீ என்று இருந்தது. ரிடையர் ஆகி, பென்ஷன் வாங்கி, இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று ஆன பிறகும் பழைய பொய்தான் முதலில் வாயில் வருகிறது. கூட்டம் முடிந்ததும் மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க நடந்தேன். ஜேசிபி புல்லை வேரோடு வழித்து லாரியில் கொட்டியது. வழித்த இடத்தில் சரளை கொட்டித் தட்டி, சிவப்புக் கல்லும் சாம்பல் கல்லுமாகப் பதித்துக்கொண்டு போனார்கள். அடுக்கி வைத்திருந்த கற்களுக்குக் காவலாகத் தலையில் துண்டோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். கிட்டப் போன பிறகுதான் அது அய்யாத்துரை என்று தெரிந்தது. தாடி நரைத்திருந்தது.

"என்ன அண்ணாச்சி, காலை இழுத்து இழுத்து நடக்குதீங்க?" என்றான்.

இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்டேன். கழுகுமலையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மூட்டை தூக்கினானாம். முதுகு போன பிறகு இந்தக் காண்ட்ராக்டரிடம் வாட்ச்மேன். கல்யாணம் காட்சி இல்லை. குருசாமி இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று அவன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. நான் ஓய்வு பெற்றுப் போன பிறகு நடந்திருக்கிறது. "மண்ணு போடப் போனேன். மதினி தள்ளி நிக்கச் சொல்லிட்டாவ. நின்னுட்டு வந்துட்டேன்" என்றான். பஸ் தவறிவிட்டது என்று சொல்கிற குரலில் அதைச் சொன்னான்.

நான் கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன்.

"அய்யாத்துரை, அன்னைக்குப் படப்பு எரிஞ்சது ஒன் பீடியால இல்ல. நான் வச்ச தீ. வெடிப்புக்குள்ள போயி..."

"தெரியும் அண்ணாச்சி."

நான் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னைக்குக் காலைலயே அந்த வெடிப்புல இருந்து புகை வந்துது" என்றான். "ஒரு கொடம் தண்ணி ஊத்துனேன். நின்னுட்டுன்னு நெனச்சேன். அப்புறந்தான் ஒக்காந்து பீடி குடிச்சேன்."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல? அத்தன பேச்சு வாங்குனியே."

அவன் ஜேசிபி வழிக்கிற பக்கம் பார்த்தான். "படப்பு போச்சு. மிச்சம் இருந்தது இந்த ரோட்டோரப் புல்லுதான். நான் சொன்னா ஒங்கள வேலைய விட்டு எடுத்துருவாவ. வேற ஆளு வந்தா ஆட்ட விடுவானா? எங்க அண்ணன் ஆடு பொழைக்கணும்லா. எனக்கென்ன, ஒத்தக் கட்ட. எங்கன வேணாலும் கஞ்சி குடிச்சுக்கிடலாம்னு போயிட்டேன். ஒரு வருசத்துல மதினிக்குக் கோவம் ஆறிரும்னு நெனச்சேன். ஆறல."

"மதினிட்ட நான் சொல்லுதேன்."

"எதுக்கு? இனி சொல்லி என்ன ஆவப்போவுது. ஆடும் இல்ல, அண்ணனும் இல்ல. இப்பப் புல்லும் இல்ல. விடுங்க அண்ணாச்சி."

அவன் விடச் சொன்னான். எனக்கு விட முடியவில்லை. அவனுக்காகத்தான் போனேன் என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகும். இதைச் சுமந்துகொண்டு இன்னொரு தடவை மாடிப்படி ஏற எனக்குத் தெம்பு இல்லை.

மாடத்தி அதே வீட்டில்தான் இருந்தாள். ஆட்டுக் கொட்டில் இருந்த இடத்தில் தகரம் சாய்த்து வைத்திருந்தது. கடலை மிட்டாய்க் கம்பெனிக்காகச் சுளகில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணாச்சி, எவ்வளவு நாளாச்சு" என்று எழுந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். குவியல், நாலு குடம் தண்ணீர், வெடிப்பு, பேப்பரில் எழுதியது, பத்து நாளில் வந்த உத்தரவு. அய்யாத்துரை ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

சுளகு எப்போதோ நின்றிருந்தது. என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அப்ப பீடி இல்லயா?" என்றாள்.

"இல்லம்மா."

"அணைச்சிட்டுத்தான் போட்டேன்னான். என் கண்ணு மேல சத்தியம் பண்ணுனான்." சுளகைக் கீழே வைத்தாள். "அவிய சாவப்போற அன்னைக்குத் தம்பியக் கேட்டாவ. ஆளு அனுப்புன்னாவ. நாந்தான் அனுப்பல."

முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"எங்கன இருக்கான்?"

"கழுகுமலை ரோட்டுல, கல்லு அடுக்கி வச்சிருக்க எடத்துல."

அவள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு தூக்குவாளியோடு வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினாள். வெயில் கொளுத்தியது. அவள் காலில் செருப்புகூட இல்லை.

"ஆட்டோ கூப்பிடுதேன் மாடத்தி. நானும் வாரேன்" என்றேன்.

அவள் அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீங்க வர வேண்டாம்" என்றாள்.

ரோட்டின் ஓரம் முழுக்கத் தோண்டிக் கிடந்ததால் தார் ரோட்டின் மேலேயே நடந்து போனாள். அவள் கண்ணை விட்டு மறையும் வரைக்கும் நான் அந்த வாசலில்தான் நின்றேன்.